டான்சானியாவைப் பற்றி நான் பேசாமல் விட்ட பத்து நிமிடம்

போன மாதம் திருச்செங்கோட்டில் எங்கள் பழைய போர்வெல் ரிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். டான்சானியாவுக்குப் புதிதாக ஆட்களை அனுப்புகிறார்களாம். எங்கள் காலத்தில் பாஸ்போர்ட்டைக் கையில் திணித்து விமானம் ஏற்றிவிடுவார்கள். இறங்கிய பிறகுதான் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வோம். இப்போது போகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, திரையில் படம் போட்டு, நாட்டை அறிமுகம் செய்கிறார்கள். மக்கள், கலாச்சாரம், வரலாறு, பொருளாதாரம் என்று நான்கு தலைப்பு.

"நீங்க அங்க அத்தன வருசம் இருந்தவருங்க. கடைசில ஒரு பத்து நிமிசம் பேசுங்கண்ணா" என்றது அந்தப் படத்தைத் தயாரித்த அலுவலகப் பெண்.

படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைநகரம், நாணயம், விளைச்சல், மலை, சிங்கம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அந்தப் பெண் நன்றாகவே உழைத்திருந்தது. மைக்கைக் கொடுத்தார்கள். "வெயிலு நம்மூரு மாதிரிதானுங்க. தண்ணி நல்லாக் குடிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பேசத் தெரியாமல் இல்லை. அந்த நாட்டைப் பற்றி நான் எங்கே ஆரம்பித்தாலும் பேச்சு நல்லசிவம் அண்ணனின் சவப்பெட்டியில்தான் போய் நிற்கும். அங்கே போகக் கிளம்பி நிற்கிற பிள்ளைகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் புதுச்சத்திரத்துக்காரன். பெயர் ரங்கசாமி. படிப்பு பத்தாவதோடு நின்றது. ராடு தூக்கி, டீசல் ஊற்றி, ஊர் ஊராகப் புழுதியைத் தின்று, ஒருவழியாக டிரில்லர் ஆனேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய கதை இதுதான் என்பதால் இதில் சொல்ல ஒன்றுமில்லை. டான்சானியாவில் எனக்கு மேலே இருந்தவர் நல்லசிவம் அண்ணன். மல்லசமுத்திரத்துக்காரர். ரிக் வண்டி, கம்ப்ரஷர் வண்டி, ஆட்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

சிரிப்பு என்பது அவர் முகத்துக்குப் பழக்கமே இல்லை. வேலை என்றால் அவருக்கு ஒரு வரிசை உண்டு, அது மாறக்கூடாது. முதலில் ஜாக்கி இறக்கி வண்டியை மட்டம் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு ராடையும் மாட்டுவதற்கு முன் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டி, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பார். நல்ல இரும்பு கணீரென்று நீளும். உள்ளே விரிசல் கண்ட ராடு டொக்கென்று அடங்கிவிடும். அப்படி ஒன்று ஆழத்தில் போய் முறிந்தால் குழியும் போச்சு, நுனியில் பாறை உடைக்கிற ஹேமரும் போச்சு. சத்தம் பிடிக்கவில்லையென்றால் உதட்டைப் பிதுக்கி, "ம்ஹூம். அக்கட்டால போடு" என்பார். அதற்கு மறுபேச்சு கிடையாது. புதுசாக வாங்கி வந்த ராடையே ஒருமுறை அப்படி ஒதுக்கினார். முதலாளி போனில் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். புது ஊருக்குப் போனால் முதல் நாள் மிஷின் ஓடக்கூடாது. "ஊருக்குள்ள போயி பெரியவிங்களைக் கும்புட்டு, அவிங்க குடுக்கறதைத் தின்னுபோட்டு வாங்கடா. ஆருன்னே தெரியாத ஊட்டு வாசல்ல ஓட்டை போடறவனைத் திருடன்னுதான் சொல்லுவாங்க" என்பார். அந்த நாட்டில் பெரியவர்களைக் கண்டால் 'ஷிகாமோ' என்று வணங்க வேண்டும். அவர்கள் 'மராஹபா' என்று ஏற்றுக்கொள்வார்கள். அண்ணன் ஒவ்வொரு கிழவிக்கும் நின்று ஷிகாமோ சொல்லிக்கொண்டு போவார். கும்பிடு போட்டே அந்தி சாய்ந்துவிடும்.

நாங்கள் போனது நாட்டின் நடுவில் இருக்கிற சிங்கிடா வட்டாரம். வண்டியிலிருந்து இறங்கியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காடு, யானை என்று நினைத்துப் போனவன் முன்னால் சங்ககிரி மலையை உடைத்துப் பரப்பிய மாதிரி பாறை பாறையாகக் கிடந்தது. காய்ந்த பூமி, வேலி முள், மேய்கிற ஆடு. கடல் தாண்டி வந்தது இதற்கா என்று இருந்தது. ஊருக்குள் போனால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பல்லெல்லாம் பழுப்பு. ஓமலூர்ப் பக்கம் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் அதே பல். எங்கள் கம்ப்ரஷர் ஆபரேட்டர் செல்வம் ஓமலூர்க்காரன். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டான்.

சாப்பாடு வந்தது. உகாலி என்று பெயர். பார்த்தால் வெள்ளைக் களி. மக்காச்சோள மாவில் கிண்டியது.

"ஏனுங்கண்ணா, இது நாமக்கல்லுல கோழிக்குப் போடறதல்லங்க?" என்று செல்வம் காதைக் கடித்தான்.

அண்ணன் அவனை ஒரு முறை முறைத்தார். "உங்கப்பன் களி தின்னுதான் உன்னையப் பெத்தான். தின்றா" என்று சொல்லிவிட்டுக் கையால் உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். அந்த ஊரின் பொருளாதாரமே அந்தத் தட்டில்தான் இருந்தது. சோளம் மனிதருக்கு. கோழி தன்பாட்டுக்குத் தெருவில் மேய்ந்து வளரும். அந்த நாட்டுக்கோழியைக் கூடையில் அடைத்துப் பெரிய நகரங்களுக்கு அனுப்பித்தான் கையில் நாலு காசு பார்ப்பார்கள். கொஞ்சம் சூரியகாந்தி, கொஞ்சம் வெங்காயம். தண்ணீர் மட்டும் வெகுதூரம் நடந்து எடுத்து வர வேண்டும். ஆனால் தக்காளி விற்கிற அம்மாள் சில்லறை வேண்டாம், போனில் பணம் அனுப்பு என்றாள். நம் ஊர் மளிகைக் கடையில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டிராத காலம் அது. நான் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன்.

வரலாற்றை எனக்குச் சொன்னவர் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர். அவர் வீட்டில்தான் முதல் நாள் சாப்பிட்டோம். எங்கள் டிரைவர் ஹமீஸி மொழிபெயர்த்தான். ஹமீஸி அந்த நாட்டுக்காரன். ஆனால் எங்கள் ஆட்களோடே வண்டி ஓட்டி ஓட்டிக் கொங்குத் தமிழ் பேசுவான். முதல் தடவை அவன் வாயிலிருந்து "போலாமுங்கண்ணா" கேட்டபோது நான் பின்னால் திரும்பி வேறு யாரையோ தேடினேன். பெரியவர் சொன்னார்: அந்த வழியாகத்தான் முன்காலத்தில் யானைத் தந்தத்தைத் தோளில் சுமந்து கடற்கரைக்கு நடப்பார்களாம். தந்தத்தோடு மனிதர்களையும் சங்கிலியில் கோத்து நடத்திப் போய் விற்றார்களாம். பிறகு ஜெர்மன்காரன் வந்தான், பிறகு இங்கிலீஷ்காரத் துரை வந்தான், சுதந்திரம் வந்ததும் சிதறிக் கிடந்த வீடுகளைச் சர்க்கார் ஒரே இடத்தில் கூட்டி ஊராக்கியது. மனிதரைச் சங்கிலியில் கோத்ததை அவர் போன வருடத்து மழையைச் சொல்வது போலச் சொன்னார். கையிலிருந்த களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அண்ணனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு என்ன தோன்றியதோ, அண்ணனின் தோளைத் தட்டி, "நீ இனிமேல் என் மகன்" என்றார். ஏதோ வாய்வார்த்தை என்றுதான் நான் நினைத்தேன்.

அதன் பலன் மறுநாளே தெரிந்தது. பைப் தூக்க உள்ளூரில் சேர்த்த ஆட்களில் சயீதி என்று ஒருவன். வந்ததும் வராததுமாக அண்ணனின் எதிரில் நின்று, அவர் வயிற்றைக் காட்டி ஏதோ சொன்னான். கூட்டமே சிரித்தது.

"என்னடா சொல்றான்?" என்றார் அண்ணன். குரலிலேயே சூடு.

"உங்க வயித்துக்குள்ள மொதல்ல போர் போடலாம், அங்கதான் தண்ணி இருக்குதுன்னு சொல்றானுங்க" என்றான் ஹமீஸி. செல்வம் கையை மடக்கினான். ஹமீஸி அவசரமாகச் சொன்னான்: "கோவிச்சுக்காதீங்கண்ணா. அவன் குலத்துக்கும் இந்தப் பெரியவரு குலத்துக்கும் உதானிங்க. பேசித்தான் தீரணும். நீங்க அவருக்கு மகனாயிட்டீங்கல்ல?"

உதானி என்றால் கேலி முறை. தந்தம் சுமந்த பாதையில் சந்தித்து அடித்துக்கொண்ட குலங்கள், பிறகு சமாதானமாகி, இனி ஒருவரையொருவர் என்ன கேலி செய்தாலும் கோபம் கிடையாது, ஆபத்து என்றால் முதல் ஆளாக வரவேண்டும் என்று செய்துகொண்ட ஏற்பாடு என்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகனுக்குள்ளும் அது உண்டாம். அண்ணன் ஹமீஸி பக்கம் திரும்பினார். "அட, மாமன் மச்சான் மொறையாடா? மாரியம்மன் பண்டிகைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறாப்பலயா?" என்றார். பிறகு சயீதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவன் காலு ரெண்டும் நம்ம ராடை விட ஒல்லியா இருக்குது. தட்டிப் பாத்துச் சேத்தோணும்னு சொல்லு" என்றார்.

நல்லசிவம் அண்ணன் கேலி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பாறையில் தண்ணீர் வந்ததை விட எனக்கு அதுதான் பெரிய அதிசயம். அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் வேலை நடந்த காலமெல்லாம் இரண்டு பேருக்கும் காலையில் ஒருவரையொருவர் நாலு வார்த்தை ஏசிக்கொள்ளாவிட்டால் ராடு இறங்காது. முதல் குழியில் வந்தது உப்புத் தண்ணீர். ஊரே தலை குனிந்து நின்றது. "உன் முகத்தைக் காட்டினாய், தண்ணீர் அழுதுவிட்டது" என்றான் சயீதி. இரண்டாவது குழியில் புழுதி கறுத்து, ஈரமாகி, நல்ல தண்ணீர் பீறிட்டபோது பெண்கள் குலவையிட்டார்கள். சயீதி தன் தகர வாளியில் முதல் தண்ணீரைப் பிடித்து அண்ணன் தலையில் கொட்டினான்.

அண்ணன் உயிர் போனது பக்கத்து ஊரில், ஒரு மத்தியான நேரம். ராடைத் தட்டிக் கேட்டுவிட்டு, வண்டி நிழலில் உட்கார்ந்து, "ரங்கா, கொஞ்சம் தண்ணி குடு" என்றார். நான் தண்ணீரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ், பிணப்பரிசோதனை, தூதரகத்துக் காகிதம் என்று அலைந்து, பெட்டியில் வைத்து, பிக்கப் வண்டியில் விமான நிலையம் இருக்கிற நகரத்துக்குப் புறப்பட்டோம். வழியில் அந்தப் பழைய ஊரில் நிறுத்தச் சொல்லிப் பெரியவர் ஆளனுப்பியிருந்தார்.

ஊரே திரண்டு நின்றது. பெண்கள் தலையில் கைவைத்து அழுதார்கள். பெரியவர் பெட்டியைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சயீதி வந்தான். அண்ணனுடைய ஹெல்மெட்டைப் போல ஒன்று தலையில். வேட்டி மாதிரி ஒரு துணியை மடித்துக் கட்டி, அதற்குள் தலையணையைச் சொருகித் தொந்தி வைத்திருந்தான். அண்ணன் நடப்பது போலவே காலை அகட்டி நடந்து வந்து, வண்டிமேல் ஏறி, கையிலிருந்த ஸ்பேனரால் சவப்பெட்டியை ஒரு தட்டுத் தட்டினான். தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டான். உதட்டைப் பிதுக்கி, தமிழிலேயே, "ம்ஹூம். அக்கட்டால போடு" என்றான்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பிணத்தின் மேல் நின்று ஒருவன் கூத்துக் கட்டுகிறான், ஊரே கண்ணீரோடு கைதட்டிச் சிரிக்கிறது! பிறகு அவன் கீழே குதித்து, வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் நெடுஞ்சாண் கிடையாகப் படுத்துக்கொண்டு, போகவிட மாட்டேன் என்று கத்தினான். செல்வம் இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடிக்கப் பாய்ந்தான். ஹமீஸி அவனை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான். "அடிக்காதீங்க சாமி! அடிச்சா அண்ணனுக்குத்தான் அவமானம்! கையில இருக்கறதை ஏதாச்சும் குடுங்க, எந்திரிப்பான்!" நான் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினேன். சயீதி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வழிவிட்டான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நகரம் போகிற வழியெல்லாம் ஹமீஸி சொல்லிக்கொண்டே வந்தான். உதானிக்காரன் சாவு வீட்டில் அழக்கூடாது. செத்தவரைப் போல வேஷம் போட்டு, ஏசி, வழிமறித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது அவன் கடமை. ஒருவன் சாவுக்கு உதானிக்காரன் வரவில்லையென்றால் அவன் நாதியற்றவன் என்று அர்த்தம். எனக்குக் காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. செல்வம் பாதி வழியிலேயே அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பிவிட்டான் என்பதும் எனக்குத் தெரியாது.

பெட்டியோடு நான் மல்லசமுத்திரம் வந்து சேர்ந்தபோது அங்கே ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. படம் எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. அண்ணனின் மகன் பிரபு மட்டும் வந்து, "எங்கப்பனை வெச்சுக் கூத்துக் கட்டுனாங்க. நீங்க நின்னு பாத்துட்டிருந்தீங்க" என்றான். எரிக்கிற நேரத்தில் வழக்கப்படி, "பொறந்த ஊட்டுக் கோடி வரட்டும்" என்று குரல் கொடுத்தார்கள். புருஷனை இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் புதுச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். அண்ணனின் மனைவி சரசக்காவுக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. யாரோ தூரத்துச் சொந்தக்காரர் ஒரு சேலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு நகர்ந்தார். அக்கா அழவில்லை. உட்கார்ந்த இடத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பிரபு ஆள் விட்டான். போனேன். வாசலில் பந்தல் நிறையப் பங்காளிகள். உள்ளே அக்கா. ஒரு வாய் சாப்பிடவில்லை என்றார்கள். "சீமை தாண்டிப் போயி நாதியத்த பொணமாக் கெடந்திருக்குது என்ற மனுசன். கேக்க நாதியில்லாமத்தான நட்ட நடு ரோட்டுல வெச்சுச் சிரிச்சாங்க" என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிரபு போனை என் முன்னால் நீட்டினான். "அந்தாளு என்னென்ன பேசறான்னு ஒரு வார்த்தை உடாமச் சொல்லுங்க. எழுதிப் புகார் குடுக்கோணும்."

அப்போதுதான் நான் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தேன். ஹமீஸி வழியெல்லாம் சொன்னது எனக்கு அப்போதுதான் உள்ளே இறங்கியது. இவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பேன்? நான் சொல்வது தப்பாகப் போனால் சரசக்கா சாகிற வரைக்கும் அந்த நாதியற்ற பிணத்தைத்தான் மனதில் சுமந்துகொண்டிருப்பார். அங்கே இருந்த காலத்தில் அவர்கள் மொழி எனக்கு ஓரளவு பழகியிருந்தது; சயீதி பேசப் பேச நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"'எந்திரிடா சோம்பேறி, கல்லை ஓட்டை போட வந்தவன் கட்டை மாதிரிக் கெடக்கறான்'ங்கறானுங்க."

பிரபு பல்லைக் கடித்தான்.

"'எங்க ஊட்டுக் களியவெல்லாம் தின்னுபோட்டு, சொல்லாமக் கொள்ளாம ஓடறான். இந்த வயித்தைத் தூக்க ரெண்டு வண்டி வேணும்'ங்கறானுங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"'இந்தாளைக் கொஞ்ச காலம் வெச்சுப் பொழைக்கறதுக்கே எங்களுக்கு மூச்சு முட்டிப்போச்சு. இத்தனை வருசம் குடும்பம் பண்ணுன மகராசி எவளோ, அவளுக்குக் கோயில் கட்டோணும்'ங்கறானுங்க."

அக்கா போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். சயீதி காலை அகட்டி நடந்து வருகிற இடத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னார். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்த ஆளு அவருக்கு என்ன மொறை?" என்றார்.

நான் உதானியைச் சொன்னேன். தந்தம் சுமந்த பாதையிலிருந்து தொடங்கி, பெரியவர் மகன் என்று தோளில் தட்டியது, அண்ணன் மஞ்சத்தண்ணி என்று புரிந்துகொண்டது, வாளித் தண்ணீர், சாவுக்கு அவன் வராவிட்டால்தான் நாதியற்ற பிணம் என்பது வரைக்கும் சொன்னேன். எனக்கே அது இவ்வளவு நேராக இருக்கும் என்று அதுவரை தெரியாது. பிரபு வாசல் நிலையில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

அக்கா கேட்டார்: "அப்பிடீன்னா இந்த ஆளு அவருக்கு மச்சான்."

"ஆமாங்க."

"அவருக்கு மச்சான்னா எனக்குக் கூடப்பொறந்தவனல்ல?"

எனக்கு அந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

"அவனுக்கு வயசென்ன? என்னை விட மூத்தவனா எளையவனா?"

"எளையவனா இருக்குமுங்க."

"போனைப் போட்டுக் குடுங்க."

போட்டேன். வீடியோ காலில் சயீதியின் முகம் வந்தது. யாரென்று நான் சொன்னதும் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, "ஷிகாமோ" என்றான். அக்கா திரையைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு நேராக அவனிடம் தமிழில் பேசினார்.

"ஏந்தம்பி, அக்கா தாலியறுத்து உக்காந்திருக்கறேன். பொறந்த ஊட்டுக் கோடி எடுத்துட்டு வர உனக்குக் கையில்லயா காலில்லயா?"

கோடி என்றால் என்ன, அதை யார் கொண்டுவர வேண்டும் என்று நான் அவன் மொழியில் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவன் உதடு துடித்தது. அவன் அழப்போகிறான் என்றே நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை உருட்டிச் சொன்னான். நான் அக்காவிடம் சொன்னேன்:

"'சேலை எடுக்கலாமுங்கக்கா. ஆனா உங்க ஊட்டுக்காரன் உடுத்தியிருந்த துணியோட ஒரே ஓட்டமா ஓடிட்டான். அளவு பாக்க எனக்கு அந்தத் தொந்தி ஒண்ணுதான் தெரியும். அந்த அளவுக்கு எடுத்தா உங்களுக்கு மூணு சுத்து சுத்துமே'ங்கறானுங்க."

சரசக்கா வாய்விட்டுச் சிரித்தார். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கி, அது அழுகையாக உடைந்து, அழுதுகொண்டே மறுபடியும் சிரித்தார். எழவு வீட்டில் தாலியறுத்தவள் சிரிக்கிற சத்தம் கேட்டுப் பந்தலில் இருந்த பங்காளிகள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் கையிலிருந்த காபியைக் கீழே போட்டுவிட்டார். பிரபு அம்மாவைப் பிடிக்க ஓடிவந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் திடுக்கிடாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.